பதிவேடு ஏற்காத தொழில்: கணனிச் செய்நிரலாக்கம் பல்கலைக்கழகக் கல்வியான வரலாறு

ஓர் அறிவுத்துறை எப்பொழுது பல்கலைக்கழகத்துக்கு உரியதாகின்றது? இவ்வினாவுக்கு வரலாறு ஒரே விடையைத் தந்ததில்லை. இறையியல், சட்டம், மருத்துவம் ஆகிய மூன்றும் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் மிகப் பழங்காலந்தொட்டே வீற்றிருந்தன. ஆனால் ஆங்கில இலக்கியம் ஒக்ஸ்போர்டில் தனக்கெனத் தனிப் பட்டப்படிப்பைப் பெற்றது 1894 ஆம் ஆண்டிலேயாகும். தாய்மொழி இலக்கியத்தை எவரும் ஓய்வு நேரத்திற் படித்துக்கொள்ளலாம், அதற்குப் பேராசிரியர் எதற்கு என்று அன்று கேட்டோர் பலர். இன்று கலைப்பீடத்தின் முதன்மைப் பாடங்களுள் ஒன்றாக நாம் கருதும் துறையே இத்தகைய ஐயத்தைக் கடந்து வந்தது என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

கணனிச் செய்நிரலாக்கமும் இவ்வாறே ஐயத்துக்கு இலக்கான துறையாகும். பொறியை அமைப்பது அறிவு, அதற்குக் கட்டளை எழுதுவது எழுதுவினைஞர் வேலை என்னும் எண்ணமே தொடக்கத்தில் நிலவிற்று. அவ்வேலை நாற்பது ஆண்டுகளுக்குள் பட்டப்படிப்பாகவும், ஆய்வுத் துறையாகவும், தனக்கெனக் கோட்பாடுகள் கொண்ட கல்வியாகவும் வளர்ந்தது. இவ்வளர்ச்சியைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலைப்பீட மாணவன் ஒருவன் இப்பொருளைப் பற்றி எழுதப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. கடந்த ஆண்டு விடுமுறையில் நான் செய்நிரலாக்கம் கற்கத் தொடங்கியபோது, "கலைப்பீடத்தாருக்கு இது எதற்கு?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவ்வேளையில் என்னிடம் விடை இருக்கவில்லை. பின்னர் இத்துறையின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோதுதான், அக்கேள்விக்கான விடை கொழும்பிற் பிறந்த ஒருவரின் வாழ்க்கையில் அடங்கியிருப்பதைக் கண்டேன். அவரிடம் செல்லுமுன் தொடக்கத்தை நோக்குவோம்.

கற்பிப்பார் இல்லாத கல்வி

ஆங்கிலத்தில் இன்று கணனியைக் குறிக்கும் சொல் ஒரு காலத்தில் மனிதரையே குறித்தது. தாளும் பென்சிலும் மேசைக் கணிப்பானும் கொண்டு நாள் முழுவதும் கணக்கிடும் பணியாளரே அப்பெயரால் அழைக்கப்பட்டனர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் மூர் மின்பொறியியற் கல்லூரியில் அமெரிக்கப் படைக்காகப் பீரங்கிக் குண்டுகளின் பாதையைக் கணித்தோர் பெரும்பாலும் இளம் பெண்களாவர். அக்கல்லூரியில் 1945 இல் எனியாக் என்னும் மின்னணுப் பொறி உருவாகியபோது, அதனை இயக்குவதற்கு அப்பெண்களுள் அறுவர் தெரிந்தெடுக்கப்பட்டனர். கத்லீன் மக்நல்ற்றி, பெற்றி ஜீன் ஜெனிங்ஸ், எலிசபெத் சினைடர், மார்லின் வெஸ்கொவ், பிரான்சஸ் பிலாஸ், றூத் லிச்ரர்மன் என்போரே அவ்வறுவர்.

ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்களும் முப்பது தொன் நிறையும் கொண்ட அப்பொறிக்கு அன்று செய்நிரல் என்பது எழுத்தில் இருக்கவில்லை. கம்பிகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மாற்றிச் செருகுவதும் ஆளிகளைத் திருப்புவதுமே செய்நிரலாக்கமாக இருந்தது. இதனைக் கற்பிக்க நூலோ ஆசிரியரோ இருக்கவில்லை. பாதுகாப்பு விதிகள் காரணமாகத் தொடக்கத்தில் அறுவரும் பொறியை நேரிற் பார்க்கவும் இடமளிக்கப்படவில்லை. சுற்றுகளின் வரைபடங்களைக் கொண்டே அவர்கள் அதன் உள்ளமைப்பைப் புரிந்துகொண்டனர். 1946 பெப்ரவரியில் எனியாக் உலகுக்கு அறிமுகமானபோது செய்தித்தாள்கள் பொறியைப் பாராட்டின, அதனை அமைத்தோரைப் பாராட்டின. அதற்குக் கட்டளை அமைத்த பெண்களை எவரும் பொருட்படுத்தவில்லை. பல பத்தாண்டுகள் கழிந்தே அவர்களின் பெயர்கள் வரலாற்றில் இடம்பெற்றன. செய்நிரலாக்கம் அறிவுப்பணியாக மதிக்கப்படாமையின் முதற் சான்று இதுவெனலாம்.

அவ்வாண்டு ஜூலை 8 முதல் ஓகஸ்ட் 31 வரை அதே கல்லூரியில் ஒரு விரிவுரைத் தொடர் நடைபெற்றது. அழைக்கப்பட்ட இருபத்தெட்டுப் பேர் மின்னணுக் கணனிகளின் அமைப்பை அங்குக் கற்றனர். எக்கேட், மோக்லி, கோல்ட்ஸ்ரைன் முதலியோர் விரிவுரையாற்றினர். வொன் நொய்மனும் பங்குகொண்டார். கட்டளைகளையும் எண்களையும் ஒரே நினைவகத்தில் வைத்தல் என்னும் கருத்து இவ்விரிவுரைகள் வாயிலாகவே பலரைச் சென்றடைந்தது. இக்கருத்தின் விளைவு மிகப் பெரிது. கம்பியில் இருந்த கட்டளை இனி எழுத்தாக மாறலாயிற்று; எழுதப்படுவதாயின் அது படிக்கப்படலாம், திருத்தப்படலாம், பிறருக்குக் கற்பிக்கப்படலாம்.

கேம்பிரிட்ஜில் ஒரு நூலகம்

அத்தொடரின் இறுதி இரு வாரங்களுக்கே வந்துசேர முடிந்த ஒருவர் கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகக் கணித ஆய்வுகூடத்தின் தலைவர் மோரிஸ் வில்க்ஸ் ஆவார். நாடு திரும்பிய கப்பலிலேயே அவர் தமது பொறியின் அமைப்பை வரையத் தொடங்கினார். எட்சாக் என்னும் அப்பொறி 1949 மே 6 ஆம் நாள் தன் முதற் செய்நிரலை நிறைவேற்றி, 0 முதல் 99 வரையான எண்களின் வர்க்கங்களை அச்சிட்டது.

வர்க்க அட்டவணையோடு நின்றிருந்தால் செய்நிரலாக்கம் எளிய வேலை என்னும் எண்ணமே நிலைத்திருக்கும். சில வாரங்களின் பின் வில்க்ஸ் தாமே ஒரு வகையீட்டுச் சமன்பாட்டுக்கான செய்நிரலை எழுதினார். அதன் நீளம் 126 வரிகள். அதிற் காணப்பட்ட பிழைகள் ஏறத்தாழ இருபது. தம் வாழ்நாளின் எஞ்சிய பகுதியிற் பெரும்பங்கு தாம் எழுதும் செய்நிரல்களிற் பிழை தேடுவதிலேயே கழியப்போகின்றது என்பது ஆய்வுகூடத்தின் படிக்கட்டில் நின்ற ஒரு கணத்தில் தமக்கு விளங்கிற்று என்று அவர் பின்னாளிற் கூறினார். ஓர் அறிவுத்துறை பிறப்பதற்கு அதன் இடர்ப்பாடு முதலில் உணரப்படல் வேண்டும். அவ்வுணர்வு இங்குத் தோன்றிற்று.

இவ்விடர்ப்பாட்டுக்குக் கேம்பிரிட்ஜ் கண்ட வழி பல்கலைக்கழகத்துக்கே இயல்பானது. அது ஒரு நூலகம். டேவிட் வீலர் என்னும் ஆய்வு மாணவர் துணைநிரல் என்னும் முறையை வகுத்தார். ஒருமுறை எழுதிச் சோதிக்கப்பட்ட ஒரு கட்டளைத் தொகுதியை எந்தச் செய்நிரலிலிருந்தும் அழைத்து, பணி முடிந்ததும் அழைத்த இடத்துக்கே மீள்வது அம்முறை. அத்தொகுதிகள் துளைநாடாக்களிற் பொறிக்கப்பட்டு ஒரு பெட்டகத்தில் அடுக்கி வைக்கப்பட்டன. மாணவர் வேண்டியதை எடுத்துப் பிரதி செய்து தம் நாடாவிற் சேர்த்துக்கொண்டனர். 1951 இல் வில்க்ஸ், வீலர், ஸ்ரான்லி கில் ஆகிய மூவரும் செய்நிரல்களை ஆயத்தஞ்செய்தல் பற்றி எழுதிய நூல் வெளியாயிற்று. செய்நிரலாக்கம் பற்றி அச்சில் வெளியான முதற் பாடநூலாக அது கருதப்படுகின்றது.

1953 இல் கேம்பிரிட்ஜ், எண்சார் பகுப்பாய்விலும் தன்னியக்கக் கணிப்பிலும் பட்டதாரிகளுக்கான ஓராண்டு டிப்ளோமாக் கற்கைநெறியைத் தொடங்கிற்று. ஒரு பல்கலைக்கழகம் கணனியியலுக்கென முறையாக நடாத்திய முதற் கற்கைநெறிகளுள் அது ஒன்றாகும். ஆயினும் அதன் பெயரை நோக்குக. எண்சார் பகுப்பாய்வே முன்னிற்கின்றது. செய்நிரலாக்கம் என்ற சொல் அதில் இல்லை. கணிதத்தின் நிழலிலேயே அத்துறை உள்ளே நுழைந்தது.

ஒரு திருமணப் பதிவு

1951 இல் கேம்பிரிட்ஜில் நடைபெற்ற மூன்று வாரச் செய்நிரலாக்க வகுப்புக்கு ஒல்லாந்திலிருந்து ஒரு பௌதிக மாணவர் வந்திருந்தார். லெய்டன் பல்கலைக்கழகத்திற் கோட்பாட்டுப் பௌதிகம் பயின்ற எட்ஸ்கர் டெய்க்ஸ்ரா என்னும் அவர், அடுத்த ஆண்டு அம்ஸ்ரர்டாம் கணித மையத்திற் செய்நிரலாளராகச் சேர்ந்தார். மூன்றாண்டுகளின் பின் அவருக்கு ஒரு மனக்குழப்பம் ஏற்பட்டது. பௌதிகவியலாளர் ஒருவரிடம் உன் துறையறிவு யாது எனக் கேட்டால் அவர் விடை கூறுவார். செய்நிரலாளரிடம் கேட்டால்? தாம் வெறுங்கையுடன் நிற்பதாகவே அவர் உணர்ந்தார்.

அவர் தம் தலைவரான வன் வெய்ங்கார்டனிடம் சென்று இதனைக் கூறினார். அத்தகைய துறையறிவு இன்னும் இல்லையென்பதை ஏற்றுக்கொண்ட வெய்ங்கார்டன், கணனிகள் இனி நிலைத்திருக்கும், நாம் தொடக்கத்திலேயே நிற்கின்றோம், செய்நிரலாக்கத்தை மதிப்புக்குரிய துறையாக்கும் பணிக்கு உரியவர் நீராக இருத்தலாகாதா என்று கேட்டார். டெய்க்ஸ்ரா பௌதிகத்தைக் கைவிட்டார். 1957 இல் அவர் திருமணஞ்செய்தபோது சட்டப்படி தம் தொழிலைக் குறிப்பிட வேண்டியிருந்தது. செய்நிரலாளர் என்றார். அவ்வாறு ஒரு தொழில் இல்லையென அம்ஸ்ரர்டாம் நகர அதிகாரிகள் ஏற்க மறுத்தனர். இறுதியிற் கோட்பாட்டுப் பௌதிகவியலாளர் என்றே பதிவேட்டில் எழுதப்பட்டது. 1972 இல் ரூறிங் விருதை ஏற்று ஆற்றிய உரையில் அவரே இதனை எடுத்துரைத்துள்ளார். இது வெறும் வேடிக்கைக் கதையன்று. ஒரு துறையின் அன்றைய சமூக நிலையைக் காட்டும் ஆவணம்.

கொழும்பிற் பிறந்த செம்மொழி மாணவர்

இவ்விடத்தில் நாம் நம் நாட்டோடு தொடர்புடைய ஒருவரைச் சந்திக்கின்றோம். சார்ள்ஸ் அன்ரனி ரிச்சர்ட் ஹோர் 1934 ஜனவரி 11 ஆம் நாள் கொழும்பில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தவர். தந்தையார் குடியேற்ற ஆட்சியில் அலுவலர்; தாயார் தேயிலைத் தோட்டக்காரர் ஒருவரின் மகள். பிறப்பிடம் ஒன்றைக் கொண்டு அவரை நம்மவரென உரிமை கொண்டாடுவது பொருந்தாது. நாம் கவனிக்க வேண்டியது அவர் கற்ற கல்வியையே.

ஒக்ஸ்போர்டில் மேர்ற்றன் கல்லூரியில் அவர் கற்றவை இலத்தீன், கிரேக்கம், பண்டை வரலாறு, மெய்யியல் என்பனவாகும். 1956 இற் பட்டம்பெற்ற அவர் நம் பேச்சு வழக்கிற் கூறின் ஒரு கலைப் பட்டதாரி. மெய்யியல் பயின்றபோது அளவையியலின் மீது அவருக்கு ஈடுபாடு பிறந்தது. பின்னர்க் கட்டாயப் படைச்சேவையின்போது கடற்படையில் இரஷ்ய மொழி கற்றார். அம்மொழியறிவின் துணையோடு 1959 இல் மொஸ்கோ அரசாங்கப் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, கொல்மகரோவின் துறையில் நிகழ்தகவுக் கோட்பாட்டைப் பயின்றார்.

அங்கு அவர் ஆராய முற்பட்ட பிரச்சினை மொழி சார்ந்தது. இரஷ்ய வசனங்களைப் பொறி வாயிலாக ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வேண்டும். அகராதியோ நீண்ட காந்த நாடாவில் அகரவரிசையில் இருந்தது. வசனத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் நாடாவை முன்னும் பின்னும் ஓட்டுவதாயின் காலம் வீணாகும். வசனத்தின் சொற்களை முதலில் அகரவரிசைப்படுத்திக்கொண்டால் நாடாவை ஒருமுறை ஓட்டினாற் போதும். ஆகவே சொற்களை விரைவில் வரிசைப்படுத்தும் வழி யாது என அவர் சிந்தித்தார்.

அவர் கண்ட வழி குயிக்சோர்ட் என இன்று உலகெங்கும் வழங்குகின்றது. அதன் கருத்து எளிது. குவியலிலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொள்க. அதற்கு முன் வரவேண்டிய சொற்களை ஒரு புறமும் பின் வரவேண்டியவற்றை மறுபுறமும் பிரித்திடுக. பின்னர் ஒவ்வொரு புறத்தையும் இதே முறையாற் பிரித்துச் செல்க. ஒவ்வொரு சோடியையும் ஒப்பிடும் எளிய முறையில் 1,000 சொற்களை வரிசைப்படுத்த 4,99,500 ஒப்பீடுகள் தேவை. ஹோரின் முறையிற் சராசரியாக ஏறத்தாழ 11,000 ஒப்பீடுகளே போதும். அவர் பின்னர் எலியற் சகோதரர் என்னும் ஆங்கிலக் கணனி நிறுவனத்திற் பணிக்குச் சேர்ந்து, தம்மிடம் தரப்பட்டதிலும் விரைவான வரிசைப்படுத்தும் முறையொன்றைத் தாம் அறிவதாகக் கூறினார். மேலதிகாரி நம்பாது ஆறு பென்சுப் பந்தயம் பிடித்துத் தோற்றுப்போனார்.

ஆயினும் அம்முறையைத் தெளிவாக எழுதிக்காட்டுவது அவருக்கு எளிதாக இருக்கவில்லை. 1961 இற் பிறைற்றன் நகரில் அல்கோல் 60 என்னும் செய்நிரல் மொழி பற்றிய வகுப்பொன்று நடந்தது. பீற்றர் நவுர், பீற்றர் லன்டின் ஆகியோருடன் டெய்க்ஸ்ராவும் அங்குக் கற்பித்தார். ஒரு செய்முறை தன்னையே மீண்டும் அழைக்க அம்மொழி இடமளித்தது. தகுந்த மொழி கிடைத்ததும் பல பக்கங்களில் விளக்க வேண்டியிருந்த கருத்து ஒருசில வரிகளுள் அடங்கிற்று. சிந்தனைக்கு ஏற்ற மொழி அமையாவிடின் சிந்தனையும் தடைப்படும் என்பதை மொழி மாணவராகிய நாம் நன்கறிவோம்.

தோல்வி தந்த பாடம்

ஹோரின் வாழ்வை வெற்றிகளின் வரிசையாகக் கூறுவது உண்மைக்கு மாறாகும். எலியற் நிறுவனத்தில் 503 என்னும் கணனிக்கான இரண்டாம் மென்பொருட் தொகுதியை அமைக்கும் பணி அவர் பொறுப்பில் இருந்தது. காலக்கெடுக்கள் கடந்தன. உருவாகிய செய்நிரலோ பயன்படுத்த முடியாத அளவு மெதுவாக இயங்கிற்று. ஒருவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தாற் செய்யக்கூடிய அளவு உழைப்புடன் அத்திட்டம் முழுவதும் கைவிடப்பட்டது. 1980 இல் ரூறிங் விருது பெற்றபோது அவர் தம் உரையின் நடுநாயகமாக வைத்தது இத்தோல்வியையே. விருது பெறும் மேடையில் தம் தோல்வியை விரித்துரைத்த அந்நேர்மை போற்றற்குரியது.

தோல்வி அவருக்கு மட்டும் உரியதன்று. 1968 ஒக்ரோபரில் ஜேர்மனியின் கார்மிஷ் நகரில் நேற்றோ அமைப்பின் ஆதரவிற் கூடிய மாநாட்டில், பெரிய செய்நிரல்கள் காலம் கடந்தும் செலவு மிகுந்தும் பிழை மலிந்தும் வருவதை வல்லுநர்கள் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டனர். மென்பொருள் நெருக்கடி என்னும் தொடர் அங்கிருந்தே பரவிற்று. அவ்வாண்டு மார்ச்சில், செய்நிரலின் எந்த இடத்துக்கும் தாவ இடமளிக்கும் கட்டளை தீங்கானது என டெய்க்ஸ்ரா எழுதிய கடிதம் வெளியாயிற்று. தாவல்கள் மலிந்த செய்நிரலைப் படிப்பவர், எந்நிலையில் எது உண்மை என்பதை அறிய இயலாது என்பதே அவரது வாதம். அதே மாதத்தில் அமெரிக்கக் கணனியியற் சங்கம் பட்டப்படிப்புக்கான பாடத்திட்டமொன்றை வெளியிட்டது. பேர்டூப் பல்கலைக்கழகத்தில் 1962 இலும் ஸ்ரான்போர்டில் 1965 இலும் கணனி விஞ்ஞானத்துக்குத் தனித் துறைகள் தோன்றியிருந்தன. டொனால்ட் நூத் எழுதும் செய்நிரலாக்கக் கலை என்னும் பெருநூலின் முதற் தொகுதியும் 1968 இலேயே வெளிவந்தது. இவ்வகையில் 1968 ஐ இத்துறையின் எல்லைக்கல் எனலாம். நெருக்கடியும் கல்வியும் ஒரே ஆண்டில் உருப்பெற்றன.

அவ்வாண்டிலேயே ஹோர் தொழிற்றுறையை விட்டு, வட அயர்லாந்தின் பெல்பாஸ்ற் குயின்ஸ் பல்கலைக்கழகத்திற் கணனி விஞ்ஞானப் பேராசிரியரானார். செய்நிரல் சரியானது என்பதை நிறுவுதல் இயலுமா என்பதே அவர் தம்முடன் எடுத்துச் சென்ற வினா. அடுத்த ஆண்டு முதலாக அந்நகரில் இனப்பூசல் வன்முறையாக வெடித்தது. அச்சூழலிலும் 1977 வரை அவர் அங்குக் கற்பித்தார். வன்முறையின் நடுவே வகுப்புகளை நடாத்துவது யாதென நம் நாட்டு வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை.

நிறுவலும் ஒரு விடைத்தாட் கட்டும்

1969 ஒக்ரோபரில் ஹோர் வெளியிட்ட கட்டுரை, செய்நிரலாக்கத்துக்கு வெளிப்படையுண்மைகளின் அடிப்படையை வகுத்தது. றொபேட் புளொயிட் என்பார் 1967 இற் காட்டிய வழியை அது மேலும் வளர்த்தது. க.பொ.த. உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞானமுறையும் கற்ற எவரும் அதன் அடிக்கருத்தைப் பின்தொடரலாம். ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

ஒரு கட்டு விடைத்தாள்களுள் மிகக்கூடிய புள்ளியைக் காண வேண்டும். முதற் தாளின் புள்ளியை ஒரு துண்டில் எழுதுகின்றோம். அடுத்தடுத்த தாள்களைப் பார்த்து, துண்டில் உள்ளதிலும் கூடிய புள்ளி தோன்றின் பழையதை அழித்துப் புதியதை எழுதுகின்றோம். இது சரியான விடையைத் தருமென்பது எவ்வாறு தெரியும்? பத்துக் கட்டுகளிற் சோதித்தோம் என்பது தொகுத்தறி முறை. சோதனை பிழை உண்டென்பதைக் காட்டுமே தவிர, பிழை இல்லையென்பதைக் காட்டாது என டெய்க்ஸ்ரா வற்புறுத்தியதும் இதனையே.

ஹோரின் வழி உய்த்தறி முறையைச் சார்ந்தது. ஒரு கூற்றை எடுத்துக்கொள்வோம்: "இதுவரை பார்த்த தாள்களுள் மிகக்கூடிய புள்ளி துண்டில் உள்ளது." முதற் தாளைப் பார்த்தவுடன் இக்கூற்று உண்மை. ஒரு தாளைப் பார்க்குமுன் அது உண்மையாயின், பார்த்து வேண்டியவிடத்துத் திருத்திய பின்னும் உண்மையே. ஆகவே எத்தனை தாள்களாயினும் அது மாறாது நிற்கும். கட்டு முடிந்ததும் பார்த்த தாள்கள் என்பது எல்லாத் தாள்களையும் குறிக்கும். எனவே துண்டில் இருப்பது நாம் தேடிய விடை. நூறு தாள்களுக்கும் இலட்சம் தாள்களுக்கும் நிறுவல் ஒன்றே.

இந்நிறுவல் மற்றொன்றையும் வெளிப்படுத்துகின்றது. கட்டில் ஒரு தாளும் இல்லையெனின்? அப்போது முதற் தாள் என்பதே இல்லை. நிறுவல் தொடங்கவே மாட்டாது. ஆகவே, "குறைந்தது ஒரு தாளாவது உண்டு" என்னும் முன்நிபந்தனை தேவை. நாம் சொல்லாது கொண்டிருந்த எடுகோளைச் சொல்லவைப்பதே இம்முறையின் பெரும்பயன். முன்நிபந்தனை, செய்நிரல், பின்நிபந்தனை என்னும் மூன்றையும் ஒருங்கே எழுதும் குறியீட்டை இன்று ஹோர் அளவையியல் என்பர்.

சொல்லாது கொண்ட எடுகோள் எத்தகைய கேட்டை விளைவிக்கும் என்பதற்கு 1996 ஜூன் 4 ஆம் நாள் நிகழ்ந்த ஏரியன் 5 விண்கலத்தின் அழிவு சான்றாகும். முன்னைய ஏரியன் 4 கலத்துக்கு எழுதப்பட்ட செய்நிரற் பகுதியொன்று புதிய கலத்திலும் பயன்படுத்தப்பட்டது. 64 இருமக் கூறுகளில் இருந்த ஓர் எண்ணை 16 கூறுகளுள் அடக்க அது முயன்றது. பழைய கலத்தின் வேகத்துக்கு அடங்கிய அந்த எண், புதிய கலத்தின் மிகுந்த வேகத்துக்கு அடங்கவில்லை. புறப்பட்டு ஏறத்தாழ நாற்பது விநாடிகளில் கலம் வானில் சிதறிற்று. இங்கு முன்நிபந்தனை இருந்தது. அது எவருடைய கண்ணிலும் படும்படி எழுதப்படவில்லை.

வகுப்பறையும் எதிர்வாதங்களும்

கோட்பாடு வகுப்பறைக்கு வருவதற்குத் தகுந்த மொழி வேண்டும். சூரிச்சில் நிக்லாஸ் விர்த் 1970 இல் வெளியிட்ட பஸ்கால் கற்பித்தலை முதல் நோக்கமாகக் கொண்டு அமைந்தது. பெல்பாஸ்ற்றில் ஐ.சி.எல். 1900 வரிசைக் கணனிகளுக்கு அதன் தொகுப்பியொன்று உருவாக்கப்பட்டது. ஹோரும் விர்த்தும் 1973 இல் அம்மொழியின் பொருளை வெளிப்படையுண்மைகளால் வரையறுத்தனர். 1977 இல் ஹோர் தாம் செம்மொழி கற்ற ஒக்ஸ்போர்டுக்கே திரும்பி, கிறிஸ்ரோபர் ஸ்றேச்சி தொடக்கிய செய்நிரலாக்க ஆய்வுக் குழுவின் தலைமையை ஏற்றார்.

ஆனால் இவ்வாறு கற்பித்தலே முறையென எல்லோரும் ஒப்புக்கொண்டனர் எனக் கருதலாகாது. முதலாமாண்டு மாணவர் பொறியைத் தொடாமலே, நிறுவலோடு செய்நிரல் எழுதப் பழகல் வேண்டும் என டெய்க்ஸ்ரா 1980 களின் இறுதியில் வாதிட்டபோது பலர் மறுத்தனர். நிறுவல் செய்நிரலிலும் நீண்டுவிடுகின்றது. மாணவர் செய்து பிழைத்துத் திருத்தியே கற்கின்றனர். நிறுவிய செய்நிரலும் தவறான வேண்டுகோளை நிறைவேற்றக்கூடும் என்பன அவர்தம் வாதங்கள். அவற்றில் உண்மை உண்டு. ஹோரே 1996 இல், நிறுவல் இன்றியே மென்பொருள் எவ்வாறு இத்துணை நம்பத்தக்கதாயிற்று என்னும் கேள்வியைத் தலைப்பாகக் கொண்டு எழுதினார். தாமும் தம்மைச் சார்ந்தோரும் அஞ்சிய அளவுக்குக் கேடு நேரவில்லை என்றும், ஒழுங்கான வடிவமைப்பும் கவனமான மீள்வாசிப்பும் சோதனையுமே அதற்குக் காரணம் என்றும் ஏற்றுக்கொண்டார். மேலும், எதையும் சுட்டாத வெற்றுச் சுட்டியை 1965 இல் ஒரு மொழியில் தாம் புகுத்தியமை நூறு கோடி டொலர் பெறுமதியான தவறென 2009 இல் வெளிப்படையாகக் கூறினார். கோட்பாட்டாளர் தம் கோட்பாட்டையே விசாரணைக்கு உட்படுத்துவது ஒரு துறை பல்கலைக்கழகத்துக்கு உரியதாகிவிட்டது என்பதற்குச் சிறந்த அடையாளம்.

கலை என்னும் சொல்

1974 இல் ரூறிங் விருது பெற்ற நூத், தம் நூலின் பெயரிற் கலை என்னும் சொல்லை ஏன் வைத்தார் என்பதையே உரைப்பொருளாகக் கொண்டார். இலத்தீன், கிரேக்கச் சொற்களின் வரலாற்றை ஆராய்ந்து, கைத்திறனையும் அழகுணர்வையும் ஒருங்கே குறித்த அப்பழம்பொருளிற் செய்நிரலாக்கம் கலையே என அவர் முடிவு கூறினார். நமக்கு இம்முடிவு புதிதன்று. அறுபத்துநான்கு எனத் தொகைப்படுத்திய நம் முன்னோர், இசையையும் இலக்கணத்தையும் தச்சுவேலையையும் ஒரே சொல்லினுள் அடக்கினர். கலையும் விஞ்ஞானமும் இரு வேறு கட்டடங்களிற் குடியிருப்பவை என்பது நம் மரபிலிருந்து வந்த எண்ணமன்று. பாடசாலையில் நம்மைப் பிரிவுகளாகப் பிரித்த பரீட்சை முறையிலிருந்து வந்ததாகும்.

இலங்கையிலும் இத்துறை வேரூன்றிவிட்டது. பேராசிரியர் வி. கே. சமரநாயக்க அவர்களின் முயற்சியாற் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1987 இற் கணனித் தொழினுட்பத்துக்கான நிறுவகம் அமைந்தது. 2002 இல் அது கணனிக் கல்விக்கெனத் தனி உயர்கல்வி நிறுவனமாக விரிவடைந்தது. இன்று ஏனைய பல்கலைக்கழகங்களிலும் இத்துறை கற்பிக்கப்படுகின்றது. ஆயினும் அது கலைப்பீடத்தாருக்கு உரியதன்று என்னும் எண்ணம் மாணவரிடையே நிலவுகின்றது; ஆசிரியரிடையும் இல்லையெனக் கூறுவதற்கில்லை. இவ்வெண்ணத்தால் இழப்பு இருபுறமும் நேரும். கலைப்பீடத்தார் தம் அளவையியலுக்கு உயிருள்ள ஒரு களத்தை இழக்கின்றனர். செய்நிரலாளரோ, சொல்லின் பொருளை வரையறுப்பதிலும் சொல்லாத எடுகோளைக் கண்டுபிடிப்பதிலும் பழகிய ஒரு கூட்டத்தாரை இழக்கின்றனர்.

இன்று இவ்வினா முன்னையிலும் கூர்மையடைந்துள்ளது. மனிதர் சாதாரண மொழியிற் கேட்பதைக் கொண்டு செய்நிரலைத் தாமே எழுதித்தரும் பொறிகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. எழுதுவதே செய்நிரலாக்கம் என்று கருதுவோர், இனி அதனைக் கற்பதற்கு என்ன தேவை என்று கேட்கின்றனர். வரலாறு காட்டுவது வேறு. எழுதுதல் ஒருபோதும் கடினமான பகுதியாக இருந்ததில்லை. வில்க்ஸ் 126 வரிகளை எழுதினார்; அவற்றில் இருபது பிழைகள் இருந்தன. எழுதப்பட்டது சரியானதா, யாது கேட்கப்பட்டது, கேட்கப்பட்டதுதான் வேண்டியதா என்னும் மூன்று வினாக்களும் எழுதியவர் மனிதராயினும் பொறியாயினும் எஞ்சியே நிற்கும். அவற்றுக்கு விடை காண்பதற்குப் படிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோளுடன் இக்கட்டுரையை நிறைவுசெய்ய விரும்புகின்றேன். அளவையியல் கற்கும் கலைப்பீட மாணவர்க்கு, விருப்பப் பாடமாகவேனும், செய்நிரல்களைப் படித்து அவற்றின் உண்மையை நிறுவும் ஒரு கற்கையலகு நம் பல்கலைக்கழகங்களில் அமைதல் வேண்டும். அதற்கு விலையுயர்ந்த ஆய்வுகூடம் தேவையில்லை. கரும்பலகையும் வெண்கட்டியும் ஒரு விடைத்தாட் கட்டும் போதும். "கலைப்பீடத்தாருக்கு இது எதற்கு?" என்று கேட்ட நண்பருக்கு அன்று நான் கூறத் தவறிய விடை இதுதான்: இத்துறைக்கு அளவையியலின் அடிப்படையை அமைத்துத் தந்தவர் கிரேக்கமும் இலத்தீனும் கற்ற ஒரு கலைப் பட்டதாரி.